கோபுரம் நிக்காத மலை

காலை எடு என் வயித்து மேலருந்து. ஆங், அப்படி. இன்னிக்கு சிரிப்புக் கதையெல்லாம் கிடையாது, பெரியம்மாவுக்கு மனசு சரியில்ல. என்ன வருதோ அதத்தான் சொல்லுவேன். நீ "ம்" கொட்டணும் செழியா. கொட்டலேன்னா நான் பாட்டுக்கு லைட்ட அணைச்சிட்டு என் பாயில போய்ப் படுத்துக்குவேன்.

ஒரு ஊர்ல ஒரு ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்துச்சாம். மஞ்சப் பெயின்ட் அடிச்ச பழைய வீடு, ஜன்னலத் தொறந்தா தண்டவாளம். அந்த வீட்ல பூரணின்னு ஒரு அக்கா, சேந்தன்னு ஒரு தம்பி. அக்கா ஆறாவது, தம்பி ஒண்ணாவது. அவங்கப்பா கூட்ஸ் வண்டி ஓட்டுறவரு. கூட்ஸ் வண்டிக்கு நேரமேது காலமேது, கூப்பிட்டா கெளம்பணும், எப்பத் திரும்புவாருன்னு அவருக்கே தெரியாது. ஆனா வீட்டத் தாண்டிப் போறப்போ மட்டும் புள்ளைங்களுக்காக "பாஆஆம்"னு நீட்டி ஒரு ஹாரன் அடிப்பாரு. அம்மா மெஷின்ல துணி தைச்சுக் குடுப்பாங்க, கிர்ர்ர் கிர்ர்ர்னு நாள் பூரா.

ம் எங்க? சரி.

அப்போ, பக்கத்து வீட்டுக்காரங்க மாத்தலாகிப் போறப்போ, அவங்க பசங்க வெளையாடின பில்டிங் பிளாக்ஸ ரெண்டு அரிசிச் சாக்கு நெறைய இவங்களுக்குக் குடுத்துட்டுப் போனாங்க. அதான்டா, ஒண்ணு மேல ஒண்ணு வச்சு டக்குன்னு அமுக்கினா புடிச்சுக்குமே, அந்த பிளாஸ்டிக் செங்கல். கொட்டினா கலகலகலன்னு ஹால் பூரா ஓடுச்சாம். அதுக்குள்ள இரும்புத் தொப்பி போட்ட வீரனுங்க, ஈட்டி, குதிரை எல்லாம் கெடந்துச்சு. ராஜா மட்டும் ஒரே ஒருத்தரு. மஞ்சக் கிரீடம், கழட்டி மாட்டலாம்.

அதுக்கு முன்ன அதுங்க ரெண்டும் கட்டினதெல்லாம் வீடு, காரு, மிஞ்சிப் போனா ஒரு பாலம். இப்போ இத்தன செங்கலப் பாத்ததும் பூரணிக்கு ஆசை பெருசாயிடுச்சு. "முழு நாடே கட்டுவோம்டா சேந்தா. அந்தக் காலத்து ராஜா நாடு. நடுவுல மலை, மலை மேல கோட்டை, சுத்தி அகழி, கீழ கடைத்தெரு, வயலு, குதிரை லாயம்." அப்பா பழைய கட்டில் பலகைய ரெண்டு ஸ்டூல் மேல போட்டு ஜன்னலோரமா வச்சுக் குடுத்தாரு.

"கோபுரம் உண்டா?"ன்னு கேட்டான் சேந்தன்.

"உண்டு. எவ்ளோ உசரம் வேணும்?"

"ஜன்னல் உசரம். மேல காவக்காரன் நிக்கணும். அப்பா வண்டி வர்றத அவன்தான் மொதல்ல பாக்கணும்."

"சரி."

"சத்தியமா?"

"சத்தியம்டா."

அப்புறம் வேலையப் பிரிச்சுக்கிட்டாங்க. பிரிச்சது யாரு, அக்காதான். அவ கொஞ்சம் அதிகாரக்காரி, உங்கம்மா மாதிரின்னு வச்சுக்கயேன். "வெளிய சாம்பலும் பச்சையும்தான் தெரியணும், அத நான் பாத்துக்கறேன். ரோஸு, ஆரஞ்சு, ஊதா, இந்தக் கண்றாவியெல்லாம் உனக்கு. மலைக்கு உள்ள போட்டு ரொப்பு." பெரிய மலைன்னா அப்படித்தான் கட்டறது. வெளிய அழகா ஒரு தோல், உள்ள கண்டதையும் போட்டு கெட்டியா அடைச்சிரணும், அப்பத்தான் மேல வர்ற கோட்டையத் தாங்கும்.

சேந்தன் மலைக்குப் பின்னால சுவத்தோரமா போய் உக்காந்துக்குவான். தலை கூடத் தெரியாது. டக், டக், டக்குனு சத்தம் மட்டும் வரும். "ரொப்புறியாடா?"ன்னு இவ கேப்பா. "ரொப்புறேன்"னு அவன் சொல்லுவான். என்ன பண்றான்னு இவ ஒரு தடவ கூட எட்டிப் பாக்கல. அவளுக்கு அவ அகழியும் தூக்குப் பாலமும்தான் பெருசு. கடைசில பின்பக்கத்தையும் சேந்தனே சாம்பச் செங்கல் வச்சு மூடிட்டு, கையத் தட்டிக்கிட்டு எந்திரிச்சு வந்தான்.

அப்போ பாத்தா ராஜாவக் காணோம்.

பூரணி சாக்க ஒதறிப் பாத்தா, கட்டிலுக்கு அடியில பாத்தா, எங்கயும் இல்ல. "டேய், ராஜா எங்க?"

"தூங்கறாரு."

"எங்கடா தூங்கறாரு?"

"சொல்ல மாட்டேன். சொன்னா எந்திரிச்சிருவாரு."

அவ்ளோதான், பூரணிக்கு எங்கருந்துதான் அப்படி ஒரு கோவம் வந்துச்சோ, பளார்னு ஒண்ணு விட்டா. "திருட்டுப் பயலே, இனிமே என் நாட்டுப் பக்கமே வராத"ன்னுட்டா. சேந்தன் அழல. கன்னத்தப் புடிச்சுக்கிட்டே போய் அம்மா மெஷினுக்குக் கீழ சுருண்டு படுத்துக்கிட்டான்.

மறுநாள் அவனுக்கு உடம்பு கொதிச்சுது. சாதாரணக் காய்ச்சல்னு கஷாயம் குடுத்தாங்க. காய்ச்சல் விடல. மழை வேற சோன்னு ஊத்துது. ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. பூரணி பள்ளிக்கூடம் விட்டு வந்தா, வீட்டு வாசல்ல யார் யாரோ செருப்பு, அத்தனயும் நனைஞ்சு கெடக்கு. அவங்கப்பா வண்டிய எங்கயோ ஒரு ஸ்டேஷன்ல நிறுத்தி வச்சு, அவருகிட்ட விஷயத்தச் சொன்னாங்களாம்.

என்ன, ம் சத்தத்தையே காணோம்? ஆமாடா, செத்துதான் போயிட்டான். சின்னப் பையன்தான். உன்கிட்ட பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப் போவுது? வா, கிட்ட வந்து படு. போர்த்திக்கோ. உனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல.

அப்புறம் அந்த வீட்ல மெஷின் சத்தம் நின்னு போச்சு. அம்மா சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்தவங்கதான், அழவும் இல்ல, பேசவும் இல்ல, யாராவது ஊட்டினா ரெண்டு வாய். அப்பா மறுபடி வண்டிக்குப் போயிட்டாரு, போய்த்தானே ஆகணும். வந்த சொந்தக்காரங்க, "இந்தச் சனியனையெல்லாம் சாக்குல அள்ளிக் கட்டும்மா, பாக்கப் பாக்க மனசு கெடுது"ன்னாங்க. பூரணி பலகைக்கு முன்னால கைய விரிச்சுக்கிட்டு நின்னா. "யாரும் தொடாதீங்க. கோபுரம் பாக்கி இருக்கு."

கோபுரத்த மட்டும் கட்டி முடிச்சிட்டா, அவன்கிட்ட சத்தியம் பண்ணினதையாவது காப்பாத்தினதா இருக்கும். அறைஞ்சத இனிமே எப்படித் திருப்பி எடுக்கறது? அதுக்காகத்தான் அந்தப் புள்ள அவ்ளோ புடிவாதம் புடிச்சுது.

மொத தடவ நேரா மேல மேல அடுக்கினா. ஜன்னலுக்கு ஒரு சாண் இருக்கறப்போ ஒரு கூட்ஸ் வண்டி வந்துச்சு. தடதடதடன்னு பலகையெல்லாம் அதிர்ந்துச்சு. கோபுரம் ஆடுச்சு, ஆடுச்சு, சடசடசடன்னு விழுந்துருச்சு.

ரெண்டாவது தடவ அடிய அகலமாக்கி, கொத்தனாரு வைக்கிற மாதிரி செங்கல மாத்தி மாத்தி வச்சா. இன்னொரு வண்டி வந்துச்சு. தடதடதட. சடசடசட. காவக்காரன் தலை கட்டிலுக்கு அடியில உருண்டுச்சு.

மூணாவது தடவ அம்மா தையல் பெட்டியிலருந்து நூலெடுத்து, கோபுரத்த ஜன்னல் கம்பியோட இழுத்துக் கட்டினா. இது விழாதுன்னு நெனச்சா. பக்கவாட்டுல விழலதான். வண்டி வந்து அதிர்ந்ததும் நூலு பட்டுனு அறுந்து, கோபுரம் நின்ன நெலையிலயே கீழ எறங்குச்சு. டொம். மலையோட தலை உள்ள போயிருச்சு.

"ரொப்புறேன் ரொப்புறேன்னு சொன்னானே, பாவி, ரொப்பவே இல்ல"ன்னு பூரணி சரிஞ்ச செங்கல ஒவ்வொண்ணா எடுத்துட்டு, உள்ள எட்டிப் பாத்தா.

உள்ள ஒரு வீடு இருந்துச்சு செழியா. ரோஸு சுவரு, ஆரஞ்சுத் தரை, ஊதாக் கலர்ல பெரிய கட்டில், எல்லாம் அவ வேணாம்னு ஒதுக்கின கலரு. கட்டில்ல வரிசையா நாலு பேரு படுத்திருக்காங்க. ஒரு ஓரத்துல தொப்பி வச்ச ஆளு, கையில பச்சக் கொடி. அது அப்பா. இன்னொண்ணு நீள முடி, அது அம்மா. அந்தக் கடைசில வாளும் இரும்புத் தொப்பியுமா ஒரு பொம்பள வீரன், அது அக்கா. அம்மாவுக்கும் அக்காவுக்கும் நடுவுல ராஜா. கிரீடத்தக் கழட்டித் தலமாட்டுல வச்சிருந்தான் சேந்தன். அவன் எதையும் திருடல. தூங்கறாருன்னு சொன்னது நெசந்தான்.

பூரணி அறைஞ்ச கையைப் பாத்துக்கிட்டே தரையில உக்காந்துட்டா. "நான் ஒரு தடவ கூட எட்டிப் பாக்கலியேடா"ன்னு சொல்லிச் சொல்லி அழுதா. அந்தச் சத்தத்துல அம்மா எந்திரிச்சு வந்தாங்க.

"என்னடி?"

பூரணி மலைக்குள்ள கையக் காட்டினா. அம்மா குனிஞ்சு பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. "இவன்தானே?"ன்னு கேட்டு, ராஜாவ ஒரு விரலால தொட்டாங்க. அப்புறம்தான் அவங்களுக்கு அழுகை வந்துச்சு, அத்தன நாளா வராதது. அழுது ஓஞ்சு, மெஷின் மூடியத் தொறந்து, சேந்தனுக்குச் சட்டை தைச்சதுல மீந்த துண்டுத் துணிய எடுத்து, விரல் அகலத்துக்கு வெட்டி ராஜாவுக்குப் போர்த்தி விட்டாங்க.

பூரணி சொன்னா, "இந்த வீட்ட எடுத்துட்டு உள்ள கெட்டியா ரொப்பினா கோபுரம் நின்னுரும்மா. அவன்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

சொல்லிட்டாளே தவிர, அவ கையில செங்கல வச்சுக்கிட்டு நாலு பேரையும் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம், "கோபுரம் வேணாம்மா"ன்னா.

"அப்ப மூடிரு. குளிரும்ல"ன்னாங்க அம்மா.

ரெண்டு பேருமா பச்சச் செங்கல எடுத்து மெதுவா மெதுவா மூடினாங்க, டக் சத்தம் கூடக் கேக்காம. காவக்காரனுக்குத் தலைய மாட்டி ஜன்னல் கட்டையிலயே நிக்க வச்சா பூரணி, தண்டவாளத்தப் பாக்க.

அப்பா வண்டியிலருந்து வந்தாரு. மெஷின் தொறந்திருக்கறதப் பாத்தாரு, மலையப் பாத்தாரு. "கோபுரம் எங்க பாப்பா?"

"கட்டலப்பா. உள்ள ராஜா தூங்கறாரு."

அவரு ஷூவக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, அடி மேல அடி வச்சு உள்ள போனாரு.

அதுக்கப்புறமும் அவரு வண்டி அந்த வழியாத்தான் போவுது. காவக்காரன் பாத்துக்கிட்டேதான் நிக்கறான். ஆனா அந்த ஜன்னலத் தாண்டறப்போ மட்டும் அவரு ஹாரன் அடிக்கறதே இல்லியாம்.

ம்? ம் இல்லியா? வண்டி போயிருச்சு, ராஜா தூங்கறாரு, கதையும் படுத்துருச்சு. நீயும் தூங்குடா.