பண்ணாடி நடந்த புல்

மார்கழியில் குளத்தோரப் புல்லுக்குள் இறங்கினால் முழங்கால் வரை பனியில் நனையும். ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணாடி நல்லமுத்து, தன் இளங்கன்றுகள் அங்கேதான் மேயவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"பனிப்புல்லு கன்னுக்கு ஆகாதுங்க பண்ணாடி. மேட்டுக்காட்டுல காஞ்ச புல்லு கெடக்குதுங்க" என்றாள் கன்று மேய்க்கும் பாவாத்தாள்.

"பச்சையை உட்டுப்போட்டுக் காஞ்சதா? விடியறப்பவே ஓட்டோணும். ஒரு சொட்டுப் பனி கன்னு வயித்துக்குள்ள போகக்கூடாது. ஒரு கன்னு இருமினாலும் அன்னைக்கே உனக்கு இங்கே வேலையில்ல!"

பாவாத்தாளையா மடக்க முடியும்? கும்பிட்டாள். "சரிங்க. ஆனா பண்ணாடி பாதம் முன்னால போனாத்தானுங்க கன்னுகளுக்கு ராசி."

பண்ணாடிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தினமும் விடியலில் தரை புரளும் சரிகை வேட்டியும், இழுபடும் சால்வையுமாகப் புல்லுக்குள் வளைய வளைய நடந்தார். அவர் துணி துடைத்துவிட்ட புல்லைக் கன்றுகள் பின்னாலேயே மேய்ந்தன.

தை பிறந்தது. கன்றுகள் மினுமினுவென்று சந்தையில் நின்றன.

"எல்லாம் என்ற கால் ராசி" என்று பண்ணாடி சொல்லி முடிப்பதற்குள் அடுக்கடுக்காகத் தும்மல்.

"கன்னெல்லாம் கல்லாட்டம் நிக்குது. பண்ணாடிக்கு எப்படிங்க சளி புடிச்சுது?" என்றார் மாட்டு வியாபாரி.

பாவாத்தாள் கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அத்தனை பனியும் எங்காச்சும் போயாகோணுமல்லங்க?"