கத்திரி வெயிலைக் கழித்த கணக்கு

தில்லைநாயகத்துக்கு நாற்பத்தெட்டு வயது. அவருடைய டீச்சர் ஜெபமலருக்கு முப்பத்தொன்பது.

இயற்பியல் துறையின் மூத்த விஞ்ஞானி ஒருவர் பக்கத்துக் கட்டிடத்துப் புள்ளியியல்காரியிடம் மாணவனாகப் போய் உட்கார்ந்ததை வைத்து அந்த ஆய்வு நிறுவனமே கொஞ்ச நாள் சிரித்துக்கொண்டிருந்தது. இயற்பியல்காரர்களுக்குப் புள்ளியியல்காரர்கள் என்றால் கூட்டிப் பெருக்கிக் கொடுக்கிற கணக்குப்பிள்ளைகள் என்ற நினைப்பு. தில்லைநாயகமும் அப்படி நினைத்தவர்தான். ஒருநாள், "உங்க அளவீட்டுல எவ்வளவு பிழை இருக்கலாம், சார்?" என்று ஜெபமலர் சாதாரணமாகக் கேட்டார். இவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் ஜெபமலரின் வகுப்பில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். கேலியாக ஆரம்பித்த 'டீச்சர்' அப்படியே நிலைத்துப் போயிற்று.

தில்லைநாயகம் அளந்துகொண்டிருந்தது ஓர் அணுவின் அரை ஆயுளை. ஒரு பிடி அணுக்கள் இருந்தால் அவற்றில் பாதி சிதைந்து முடிய எத்தனை காலம் ஆகும் என்பது கேள்வி. சிதைகிற ஒவ்வொன்றையும் கருவி எண்ணும். எண்ணத் தொடங்கி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் துறைத்தலைவர், டீன் என்று ஆகிவிட்டார்கள். இவர் கருவியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

போன வருஷம் வெளிநாட்டுக் குழு ஒன்று அதே அணுவின் அரை ஆயுளைச் சொல்லிவிட்டது. அவர்களுடையது வேறு வழி, சிதைந்தபின் மிஞ்சியதை எடைபோட்டுக் கண்டுபிடித்தார்கள். கட்டுரை வந்த அன்று தில்லைநாயகத்துக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

முந்திக்கொண்டார்கள், சரி. தன்னுடைய கட்டுரையாவது இந்த ஆண்டுக்குள் வந்தாக வேண்டும். வராவிட்டால் கருவி இருக்கும் அறையை வேறொருவருக்குக் கொடுக்கப் போவதாக மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். அறை போனால் ஒன்பது வருஷமும் போயிற்று.

இதில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இந்த மாதிரி வேலையில் அளப்பவர் முடியும்வரை தன் விடையைத் தானே பார்க்கக்கூடாது; பார்த்தால் வேண்டிய விடைக்குக் கணக்கை வளைக்கத் தோன்றும். கணினி விடையோடு ஒரு ரகசிய எண்ணைக் கூட்டித்தான் காட்டும். அந்த எண் என்னவென்று இன்னொருவருக்கு மட்டும் தெரியும். எல்லாம் முடிந்தது, இனி எதையும் மாற்றுவதில்லை என்று அளந்தவர் வாக்குக் கொடுத்த பிறகு அந்த இன்னொருவர் அதைச் சொல்வார். கழித்தால் உண்மையான விடை. ரகசிய எண்ணை வைத்திருக்கத் தில்லைநாயகம் தேர்ந்தெடுத்தது ஜெபமலரைத்தான்.

ஒரு திங்கட்கிழமை அவர் டீச்சர் அறைக்குப் போனார்.

"முடிஞ்சது டீச்சர். நம்பரைச் சொல்லிடுங்க."

"எல்லாத்தையும் பார்த்துட்டீங்களா?"

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்துட்டேன்."

ஜெபமலர் ஓர் எண்ணைச் சொன்னார். தில்லைநாயகம் நின்றவாக்கிலேயே கழித்துப் பார்த்தார். முகம் செத்துப் போயிற்று.

"என்ன சார்?"

"குறையுது. அவங்க சொன்னதைவிட நல்லாவே குறையுது." நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "ரெண்டாவதா வந்தேன். அதுலயும் தப்பா வந்திருக்கேன். இப்படி ஒருத்தன் இருந்து என்ன பிரயோஜனம், டீச்சர்?"

"என்ன செய்யப் போறீங்க?" என்று ஜெபமலர் கேட்டார்.

"எங்கேயோ கோட்டை விட்டிருக்கேன். தேடறேன்."

"தேடுங்க."

தேடினார். முதலில் மின்னழுத்தத்தின் மேல் சந்தேகப்பட்டார், அது சரியாக இருந்தது. கருவி புதிதாக இருந்த முதல் வருஷத்தை நீக்கிப் பார்த்தார், விடை அசையவில்லை. பழைய கம்பிகளைக் குற்றம் சொல்லிப் பார்த்தார். வீட்டில் மனைவி பேசினால், "ஊம்" என்பதோடு சரி.

கடைசியில் கத்திரி வெயில் கையில் சிக்கியது. மே மாதத்தில் கரண்ட் போகும், ஏசி நிற்கும், அறை அடுப்பாகக் கொதிக்கும். சூட்டில் கருவி இல்லாததையும் சேர்த்து எண்ணியிருக்கும். கூடுதலாக எண்ணினால் ஆயுள் குறைவாகத்தானே வரும்! ஒவ்வொரு வருஷமும் கத்திரி நாட்களின் எண்ணிக்கையிலிருந்து சூட்டுக்கென்று ஒரு பங்கைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டார். விடை ஏறியது. ஏறிப் போய் வெளிநாட்டுக்காரர்களின் எண்ணுக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்தது.

அன்று தில்லைநாயகம் ஜாங்கிரிப் பெட்டியோடு வந்தார். துறை முழுக்கக் கொடுத்துவிட்டு டீச்சரிடம் கடைசியாக நீட்டினார்.

"கண்டுபிடிச்சுட்டேன்! எல்லாம் இந்த வெயில் பண்ண வேலை." முழுக் கதையையும் சொன்னார். "கட்டுரையே எழுதியாச்சு. நாளைக்கு அனுப்பறேன்."

ஜெபமலர் ஜாங்கிரியை எடுத்துக் காகிதத்தின் மேல் வைத்தார். கடிக்கவில்லை.

"வெயில்தான் காரணம்னு உறுதியாத் தெரியுமா, சார்?"

"அடிச்சுச் சொல்றேன். ஒன்பது வருஷமா அந்தக் கருவியோட இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் சொன்னது அந்த நம்பர் இல்ல."

தில்லைநாயகத்துக்குப் புரியவில்லை. "எந்த நம்பர்?"

"ரகசிய நம்பர். வேணும்னேதான் வேற ஒண்ணைச் சொன்னேன்."

தில்லைநாயகத்தின் காது சிவந்தது.

"என் பொழைப்பு உங்களுக்கு விளையாட்டா?" ஜாங்கிரிப் பெட்டியை மேஜையில் தொப்பென்று வைத்தார். "வயசுல பெரியவன் உங்க முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தேனே, அதுக்கு நல்ல மரியாதை!"

"கோபப்படுங்க, சார். நியாயம்தான். உங்க அளவீட்டைப் பாதுகாக்கச் சொல்லி நீங்கதான் என்கிட்ட ஒப்படைச்சீங்க."

"யார்கிட்டேருந்து பாதுகாக்க?"

ஜெபமலர் அவரையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நான் சொன்ன நம்பரே தப்புன்னா, வெயில் தொந்தரவு இப்பவும் இருக்கா, சார்?"

தில்லைநாயகம் வாயைத் திறந்தார். இருக்கிறது என்று சொல்ல வந்தது, சொல்ல முடியவில்லை. இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. எழுந்து வெளியே போனார்.

இரண்டு நாள் கருவி அறைப் பக்கமே போகவில்லை. முதலில் டீச்சரைத் திட்டினார். திட்டி அலுத்தபோது இன்னொன்று உறைத்தது. மின்னழுத்தம், முதல் வருஷம், கம்பி என்று வரிசையாகப் பார்த்தோமே, எதற்காகக் கத்திரியில் நிறுத்தினோம்? அடுத்ததாக மழைக்கால ஈரத்தை ஏன் பார்க்கவில்லை? விடை பொருந்தியவுடன் கை தானாக நின்றிருந்தது. அதை நினைத்தபோது அவருக்குக் கூசியது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

மூன்றாம் நாள் அறையின் ஏசியை அணைத்தார். ஜன்னல்களை அடைத்து, ஹீட்டர் வாங்கிவந்து வைத்து, ஐப்பசி மழையில் ஒரு கத்திரி வெயிலை உண்டாக்கினார். எவ்வளவு எண்ண வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு கதிர்வீச்சு மூலத்தைக் கருவியின் முன்னால் வைத்துவிட்டு, பனியனோடு உள்ளே உட்கார்ந்திருந்தார். ஆராய்ச்சி மாணவர்கள் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

சூடு கருவியைத் தொந்தரவு செய்யத்தான் செய்தது. ஆனால் அது ஒரு துளி. அவர் கழித்ததோ ஒரு குடம்.

அந்தத் துளியை மட்டும் சரிசெய்தார். கத்திரி நாட்களில் கழித்த மற்றதை எல்லாம் திரும்பக் கணக்கில் சேர்த்தார். ஈரத்தையும் பார்த்தார். பிறகு எழுதிய கட்டுரையை எடுத்து, விடை வரவேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டு, மற்றதைப் புதிதாக எழுதினார். அதை முடிக்கக் கார்த்திகை பிறந்துவிட்டது.

இந்த முறை டீச்சர் அறைக்குப் போனபோது கையில் ஜாங்கிரிப் பெட்டி இல்லை.

"டீச்சர், எடுத்ததை எல்லாம் திரும்பச் சேர்த்துட்டேன். வெயில் காரணமில்ல."

"என் மேல இன்னும் கோபமா இருப்பீங்கன்னு நினைச்சேன்." ஜெபமலர் சிரித்தார்.

"கோபம் இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும். இனி எதையாவது மாத்துவீங்களா?"

"மாட்டேன்."

"குறைஞ்சு வந்தா?"

"அப்படியே போடுவேன்."

"கூடி வந்தா?"

"அப்பவும்தான். அறையை எடுத்துக்கிட்டாலும் எடுத்துக்கட்டும்."

தில்லைநாயகம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஜெபமலர் கணினியைத் தன் பக்கம் இழுத்துக் கடவுச்சொல்லை அடித்தார். திரையை அவர் பக்கம் திருப்பிவிட்டு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

"இந்தத் தடவை உண்மையான நம்பர். நீங்களே பார்த்துக் கழிங்க, சார்."

தில்லைநாயகம் கழித்தார். சந்தேகப்பட்டு, காகிதத்தில் இன்னொரு முறை போட்டார். வெளிநாட்டுக்காரர்கள் சொன்ன எண்ணும் இவருடைய எண்ணும் பிழை வரம்புக்குள் ஒன்றாகவே நின்றன. எடைபோட்டவர்களும் எண்ணியவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

அவர் துள்ளிக் குதிப்பார் என்று ஜெபமலர் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மனசில் ஒரு நிம்மதி வந்தது. அதன் பின்னாலேயே ஓர் ஏமாற்றமும் வந்து நின்றது.

"பொருந்திடுச்சு" என்றார்.

"சந்தோஷம், சார்."

"அறை தப்பிச்சுடும்."

"ம்."

"ஆனா டீச்சர்..." கண்ணாடியை எடுத்தார், திரும்ப வைத்தார். "அவங்க சொன்னதேதான் வந்திருக்கு. புதுசா ஒண்ணுமே இல்ல. ஒன்பது வருஷம் உட்கார்ந்து எண்ணி, ஊருக்கே தெரிஞ்ச ஒரு நம்பரை நானும் ஒருதரம் சொல்லப் போறேன். இதுல நான் கொடுத்தது என்ன?"

ஜெபமலர் ஜன்னலை விட்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"வேற வழியில போன நீங்களும் அதே இடத்துக்கு வந்து சேர்ற வரைக்கும், அவங்க சொன்னது சரின்னு யாருக்கு சார் தெரியும்?"