மலைக்கு முதுகு தேய்த்தவள்

முன்னொரு காலத்தில், மழை சொன்ன நாளில் வந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு ராஜா இருந்தார். அவர் காட்டுக்குள்ளே மணல்கல் மலை ஒன்று இருந்தது. காற்றும் மழையும் அரித்து அரித்து ஒரு பாறை குடை மாதிரி நிற்கும், ஒரு பாறை யானை மாதிரி நிற்கும். மற்றதெல்லாம் ஆள் ஆளாக நிற்கும். வருசத்துக்கு ஒரு நாள், அறுப்பு முடிந்த மறுநாள், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

வாசலில் காவல்காரர் தப்பட்டை அடித்து மூன்று தரம் சொல்வார்: "பாருங்க, நடங்க, திரும்புங்க. கல்லைக் கீறாதீங்க!"

அந்த யானையைப் பார்க்க வேண்டும் என்று அரும்பாயிக்கு மூன்று வருச ஆசை. அந்த வருசம்தான் வந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் செம்பு, தலையில் வைக்கோல் சும்மாடு, அதன்மேல் சோற்று மூட்டை. புருசன் நல்லாண்டி கையை வீசிக்கொண்டு முன்னால் போனான்.

பிள்ளை வெயிலுக்கு அழுதது. சோற்றுக்கு அழுதது. சோறு கொடுத்தால் துப்பிவிட்டு அழுதது. அரும்பாயி எங்கே யானையைப் பார்ப்பது?

அதற்குள் நல்லாண்டி யானைப்பாறையின் வயிற்றில் பேர் எழுதக் கத்தியை எடுத்துவிட்டான்.

"ஏங்க, வேணாங்க."

"ஊரே எழுதியிருக்கு புள்ள. நான் எழுதினா மலை தேஞ்சிடுமா?"

"ஏங்க, சொன்னாங்கல்ல."

"முதல்ல என் பேரு. அப்புறம் உன் பேரு."

"ஏங்க!"

தன் பேரின் கடைசி எழுத்தைக் கீறி முடித்தான். "அரும்பு, என் காலு ஏன்..." என்றான். அவ்வளவுதான். வாய் திறந்தபடி கல்லாகி நின்றான்.

"எத்தனை தரம்தான் சொல்றது!" என்று மலை கத்தியது. "ஆள் போட்டுச் சொல்றேன், தப்பட்டை அடிச்சுச் சொல்றேன். ஒருத்தன் கேக்குறானா?"

"நானும்தான் மூணு தரம் சொன்னேன் சாமி. என்கிட்ட ஏன் கத்துறீங்க?" அரும்பாயிக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

மலை கொஞ்சம் இறங்கி வந்தது. "அந்தப் பேரு அழிஞ்சா ஆள் வருவான். பொழுது சாஞ்சா நான் தூங்கிடுவேன், அடுத்த அறுப்புக்குத்தான் முழிப்பேன். அதுக்குள்ள காத்து அரிச்சிடும். உன் புருசனுக்கு மூக்கு இருக்குமோ, இருக்காதோ."

அரும்பாயி செம்புத் தண்ணியை ஊற்றினாள். கல் குடித்துவிட்டது. முந்தானையால் துடைத்தாள். முந்தானை கிழிந்தது. கத்தியால் சுரண்டினாள். "ஐயோ!" என்றது மலை, எழுத்து இன்னும் ஆழமானது.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இதற்கு நடுவில் பிள்ளை ஒரு கை மணலை வாயில் போட்டது. "சனியனே, துப்பு!" விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள். விரலில் நறநறவென்று மணல். அடடா, கரிச்சட்டி தேய்க்க இதைவிட நல்ல மணல் உண்டா!

சும்மாட்டைப் பிரித்தாள். வைக்கோலை மணலில் தொட்டுத் தேய்த்தாள். தேய் தேய் என்று தேய்த்தாள்.

"ஆகா!" என்றது மலை. "இன்னும் கொஞ்சம் மேல. கொஞ்சம் இடப்பக்கம்."

"உங்களுக்குமா நான்?" என்றாள். ஆனாலும் தேய்த்தாள். பேர் போயிற்று.

"...மரத்துப் போச்சு?" என்றான் நல்லாண்டி. "புள்ள, சோறு இருக்கா?"

அரும்பாயி வைக்கோலை அவன் கையில் திணித்து அடுத்த பேரைக் காட்டினாள். அவன் தேய்க்க, ஆள் மாதிரி நின்ற பாறை ஒன்றிலிருந்து ஒருவன் எழுந்தான். அவன் தேய்க்க இன்னொருவன் எழுந்தான். பழைய ஆட்கள் சிலருக்கு மூக்கு நுனி இல்லை. மற்றபடி சுகம்.

"எத்தனை வருச அரிப்பு, போச்சு!" என்றது மலை. "பொண்ணே, என்ன வேணும்? பொன்னா, பட்டா, அரண்மனையா?"

அரும்பாயி தலையைக் குனிந்துகொண்டாள். "கொஞ்ச நேரம் என்னை யாரும் கூப்பிடாம இருக்கணும் சாமி."

குடைப்பாறை சாய்ந்து நிழல் தந்தது. காற்று வந்து பிள்ளையைத் தூங்க வைத்தது. "அரும்..." என்று ஆரம்பித்தான் நல்லாண்டி. "ம்ம்?" என்றது மலை. அவன் வாயை மூடிக்கொண்டான்.

அரும்பாயி உட்கார்ந்து சோற்றைத் தின்றாள். செம்பில் மிச்சமிருந்த தண்ணியில் கையைக் கழுவினாள். அப்புறம் நிமிர்ந்து பார்த்தாள்.

அட, நிஜமாகவே யானைதான்! தும்பிக்கைகூட இருக்கிறது!

அந்த யானை இன்னும் நிற்கிறது, வயிற்றில் ஒரு கீறல் இல்லாமல். நீங்களும் போங்க கண்ணுகளா. பாருங்க, நடங்க, திரும்புங்க. உங்க அம்மாவையும் கொஞ்சம் பார்க்க விடுங்க.