தலையில்லாத நண்டும் தோரிய மணலும்

கடலை ஒட்டிய ஓர் உடைமரக் காட்டில் விலங்குகளும் பறவைகளும் கூடி ஒரு நெருப்பைக் காத்து வந்தன. பாறைக் குகைக்குள் அந்த நெருப்பு இருந்ததால்தான் மழைக்காலத்தில் குட்டிகளும் முட்டைகளும் பிழைத்தன.

நெருப்புக்குக் காவல் தலைவன் நரி. கடற்கரையில் வளை தோண்டி வாழ்ந்த நண்டுக்கு அந்த நரியைக் கண்டாலே ஆகாது.

காரணம் இருந்தது. மூன்று மழைக்காலத்துக்கு முன்பு மணல் அள்ள வந்த மனிதர்கள் பேசியதை நண்டு வளைக்குள்ளிருந்து கேட்டது. "இந்தப் பழுப்பு மணலில் தோரியம் இருக்கு. தானா எரியாது. எரியிற ஒண்ணுக்குப் பக்கத்தில் பல நாள் கிடந்தா, அதுவும் எரிபொருள் ஆயிரும்" என்றார்கள்.

நண்டு விலங்குகளின் சபைக்கு ஓடியது. "நம்ம மணலுக்குள்ளே நெருப்பு இருக்கு!" என்று ஆரம்பித்தது. அதற்குமேல் நரி பேச விடவில்லை.

"நண்டுக்குத் தலையே கிடையாது! மூளை எங்கேயிருந்து வந்தது?"

சபையே விழுந்து விழுந்து சிரித்தது. கௌதாரி ஒருத்திதான் சிரிக்கவில்லை. யாருக்கு அடுத்து யார் சிரித்தார்கள் என்பதை நண்டு அன்றுமுதல் வரிசை மாறாமல் மனதில் வைத்திருந்தது.

இந்த வருடம் மழை முந்திக்கொண்டது. விறகு நனைந்து போனது. நரி கடற்கரைக்கு வந்து வளைக்கு முன்னால் குனிந்தது.

"நண்டண்ணே! உள்ளே இருக்கீங்களா?"

"தலையில்லாதவன் வாசலில் உனக்கென்ன வேலை?"

"பழசை மனசில் வைக்காதீங்க அண்ணே! காய்ஞ்ச விறகு ரெண்டு நாளைக்குத்தான் வரும். மணலில் நெருப்பு இருக்குன்னு சொன்னீங்களே?"

"இருக்கு. அள்ளிக்கிட்டுப் போ."

"அவ்வளவுதானா?"

நண்டு கொஞ்சம் யோசித்தது. "அவ்வளவுதான்!"

நரி போனதும் நண்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வளைக்குள் போனது, வெளியே வந்தது, மறுபடி உள்ளே போனது. 'ஊர் முன்னால் அவன் அவமானப்படட்டும்!' என்று சிரித்துப் பார்த்தது. சிரிப்பு நிலைக்கவில்லை. குகைப் பக்கமே கண் போனது. மறுநாள் காலை அங்கே புகை இல்லை.

மழையில் நனைந்தபடி கௌதாரி ஓடி வந்தாள்.

"அண்ணே, நெருப்பு அணைஞ்சு போச்சு! விறகைக் குவிக்கிற மாதிரியே நரி மணலை அதுக்கு மேலே கொட்டிருச்சு! என் ஆறு முட்டையும் குளிருது. 'நண்டு தெரிஞ்சே கெடுத்துட்டான்'னு எல்லாரும் ஏசுறாங்க. 'எங்க அண்ணன் அப்படிச் செய்ய மாட்டார்'னு நான்தான் சண்டை போட்டேன்!"

நண்டுக்கு ஓடு மட்டும்தான் நின்றது. உள்ளே எல்லாம் கரைந்து போனது. பக்கவாட்டில் பாய்ந்து ஓடியது. குகைக்குள் புகுந்து மணல் குவியலைத் தோண்டியது. அடியில் குன்றிமணி அளவு கங்கு ஒன்று மிச்சம் இருந்தது. அதைக் கொடுக்கால் தூக்கிச் சருகில் வைத்தது. கொடுக்கு கருகியது.

"மணலைக் கங்கைச் சுத்தி வைக்கணும், மூடக் கூடாது! அது எரியிற வரைக்கும் கங்குக்கு விறகு போட்டுக்கிட்டே இருக்கணும்!"

"இதை அன்னிக்கே சொன்னா என்ன?" என்று நரி கத்தியது.

"நீ சிரிச்சே!"

"சிரிச்சது நான். குளிருறது அவ முட்டை!"

நண்டு மணலைக் கங்கைச் சுற்றி அடுக்கத் தொடங்கியது.

இருந்த விறகும் தீர்ந்தது. பறவைகள் தங்கள் கூடுகளையே பிரித்துக் குச்சி கொண்டுவந்தன. நரிக்கும் பொறுமை இல்லை. நாழிகைக்கு ஒரு தரம் மணலைக் கிளறப் போனது.

"பிடிச்சிருச்சா? இன்னும் பிடிக்கலையே!"

"காலை எடுடா!" என்று நண்டு கருகிய கொடுக்கை ஓங்கியது.

ஏழாம் நாள், கங்கைத் தொட்டிருந்த மணல் சிவந்தது. அந்தச் சிவப்பு அடுத்த மணலுக்குத் தாவியது. குகை முழுவதும் சூடு பரவியது. அந்த மழைக்காலம் முடியும்வரை நெருப்பு குறையவில்லை.

ஐந்து முட்டைகள் பொரிந்தன. ஆறாவது பொரியவே இல்லை. கௌதாரி அந்த முட்டையை உருட்டிக்கொண்டு போய்க் குகை வாசலில் புதைத்தாள். சிரித்தவர்களின் வரிசை அன்றோடு நண்டுக்கு மறந்து போனது. அந்த ஒரு முட்டை மட்டும் கடைசிவரை மறக்கவில்லை.

பழைய பகைக்காகப் பாதியைச் சொல்லி மீதியை விழுங்குகிறவன், பகையாளியை விட்டுவிட்டுத் தன்னை நம்பியவரையே சுடுகிறான்.