மூன்று காலில் நின்ற யானை

மலையடிவாரக் குளத்தில் ஓடாயி என்றோர் ஆமை இருந்தாள். கோடையில் தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து தூங்கிவிடுவாள். மழை வந்து எழுப்பும்.

இந்தக் கோடையில் ஒரு செய்தி வந்தது. மலைக்கு அப்பாலிருந்து யானைகள் வருகின்றனவாம்! சேற்றில் புரளத்தான் வருகின்றனவாம்!

ஓடாயி தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். "தூக்கத்துல மேலே கால் வெச்சா நான் அப்பளம்தான்! 'கீழே நான் இருக்கேன், மிதிக்காதே'ன்னு அவங்க பாஷையில சொல்லத் தெரிஞ்சாப் போதும்."

அங்கே யானை மொழி தெரிந்தவள் மைனா மஞ்சக்கண்ணி ஒருத்திதான். சின்ன வயதில் ஒரு யானையின் முதுகில் சவாரி செய்தவள். அவள் நாவல் மரத்தடியில் பள்ளிக்கூடம் தொடங்கினாள்.

"நான் கேட்டா, ஓர் இலை உதிர்ந்து தரையைத் தொடறதுக்குள்ள பதில் வரணும்! யாரும் அசையக் கூடாது!"

கிளி உடனே சொன்னது. தவளையும் உடனே சொன்னது. அணிலும் சரியாகத்தான் சொன்னது. மரத்தில் ஏறி இறங்கிக்கொண்டே சொன்னதால் அது செல்லாது என்றாள் மைனா. சாரைப்பாம்பு நெளியனுக்குக் காது கிடையாது. அவன் மைனாவின் அலகு திறந்து மூடுவதை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓடாயி! யானைகிட்ட எப்படி வணக்கம் சொல்லுவே?"

ஓடாயி யோசித்தாள். இலை விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. வகுப்பே கலைந்து போயிற்று. மறுநாள் காலை மைனா கிளியிடம் வேறேதோ கேட்டுக்கொண்டிருந்தபோது, ஓடாயி தலையை நீட்டி, யானை மொழியில் பிழையில்லாமல் வணக்கம் சொன்னாள்.

"நேத்து வெச்ச உலை இன்னைக்குத்தான் கொதிக்குது!" என்றது தவளை. எல்லாரும் சிரித்தார்கள்.

"டீச்சர், மிதிக்காதேங்கிற அந்த ஒரு வரி மட்டுமாவது..." என்று கெஞ்சினாள் ஓடாயி.

மைனா அதை ஒரே மூச்சில் கொட்டினாள். "வந்துச்சா? வரலையா? நீயெல்லாம் பாஷை படிச்சு என்ன ஆகப்போகுது? கிளம்பு! அந்தப் பாம்பையும் கூட்டிட்டுப் போ!"

இருவரும் கரையோரம் போய் உட்கார்ந்தார்கள். ஓடாயிக்கு எதுவும் மெதுவாகத்தான் உள்ளே போகும். போனது மறக்காது; வகுப்பில் கேட்டதெல்லாம் உள்ளேயே இருந்தது. அந்த வரியை முணுமுணுக்கத் தொடங்கினாள்.

"எனக்குத்தான் கேக்காதே, அக்கா," என்றான் நெளியன். "கல்லுல ஓட்டைத் தட்டிச் சொல்லு. தாடையைத் தரையில வெச்சா எனக்குத் தெரியும்."

ஓடாயி தட்டினாள். நெடிய சொல்லுக்கு நெடிய தட்டு, குறுகிய சொல்லுக்குக் குறுகிய தட்டு.

"வந்துச்சு, அக்கா! ரெண்டாவது சொல்லுதான் கொஞ்சம் நொண்டுது. மறுபடி!"

குளம் வற்றியது. ஓடாயி சேற்றுக்கடியில் ஒரு கல்லருகே போய்ப் படுத்தாள்.

யானைகள் வந்தன. அந்தக் காலடி அதிர்வில் ஓடாயி விழித்துக்கொண்டாள். மைனா சிறகசைக்க, வகுப்பு முழுதும் படபடவென்று வணக்கம் சொன்னது.

தலைவி யானை காதை விசிறிக்கொண்டாள். "இந்த ஊர்ல கொசு ஜாஸ்தி." நேரே சேற்றில் இறங்கி, ஓடாயிக்கு மேலே காலைத் தூக்கினாள்.

"ஐயோ! கீழே ஆமை!" மைனா யானை மொழியில் அலறினாள்.

"மறுபடி கொசு," என்றாள் தலைவி.

அப்போது சேற்றுக்கடியிலிருந்து ஒரு தட்டு வந்தது. டொக்.

ஊன்றியிருந்த பாதங்களில் அது தெரிந்தது. தலைவியின் கால் அந்தரத்தில் நின்றது. யானைகளிடம் ஒரு வழக்கம் உண்டு: ஒருவர் பேசத் தொடங்கினால், முடிக்கும் வரை மற்றவர் அசையக் கூடாது.

"கீழே..."

வெயில் ஏறியது.

"நான்..."

மரங்களின் நிழல் சுருங்கியது. தலைவி மூன்று காலில் நின்றாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்றது குட்டி.

"உஷ்! பேசிட்டிருக்காங்கல்ல!"

"இருக்கேன்... மிதிக்காதே."

தலைவி காலைத் தள்ளி, மெல்ல ஊன்றினாள். "அடி என் கண்ணே! அவசரமே இல்லாம எவ்வளவு மரியாதையாப் பேசுறே! யாரு உனக்குச் சொல்லிக்கொடுத்தது?"

கிளையிலிருந்த மைனா எட்டிப் பார்த்தாள்.

"மஞ்சக்கண்ணி..."

மைனா நெஞ்சை நிமிர்த்தினாள்.

"டீச்சர்தான்..."

கழுத்தையும் நிமிர்த்தினாள். பொழுது சாய்ந்தது.

"ஆனா... பாதியில... துரத்திட்டாங்க."

மைனா தலையைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டாள். ஒருவர் பேசுவதைக் கடைசிவரை அவள் கேட்டது வாழ்நாளில் அதுதான் முதல் முறை.

மறுநாள் இலைக் கணக்கு ஒழிந்தது. நெளியனுக்காக மைனா பட்டமரத்தில் அலகால் தட்டித் தட்டிப் பாடம் சொன்னாள். அணிலுக்குப் பின்னால் மேலும் கீழும் பறந்து மூச்சிரைத்தாள். ஓடாயியிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போய், அடுத்த நாள் வந்து பதிலை வாங்கிக்கொண்டாள். அது சரியாகவே இருந்தது.

எல்லாருக்கும் ஒரே வழியில் கற்பிப்பவர் சிலருக்குத்தான் கற்பிக்கிறார். அவரவர் வழியறிந்து கற்பிப்பவரே எல்லாருக்கும் ஆசிரியர்.