எருமை கேட்ட அகலப் பாதை

காரி என்ற எருமைக்கு வெயில் ஏறுவதற்குள் குளத்துச் சேற்றில் புரண்டாக வேண்டும். பிந்திப் போனால் ஈரச் சேற்றையெல்லாம் காட்டுப்பன்றிகள் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நாளெல்லாம் காய்ந்த முதுகில் ஈ மொய்க்கும். காரிக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

காட்டிலிருந்து குளத்துக்குப் போகப் பெரிய விலங்குகளுக்கு ஒரே பாதை. கோடை வந்தால் யானை, எருமை, மான் எல்லாம் அதில்தான் நெரியும். பாதை ஓரம் ஒரு முள்செடி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வழி. ஆமைகளும் முள்ளம்பன்றிகளும் அதில் போய்வந்தன. குளத்து வழியில் யாரும் யாரையும் மிதிக்கக் கூடாது என்பது அந்தக் காட்டுச் சட்டம். மிதித்தவருக்கு அந்தக் கோடை முழுதும் தண்ணீர் கிடையாது.

நெரிசலில் நிற்கும்போதெல்லாம் காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கும். சின்ன வழி காலியாகவே கிடக்கும். அதற்கு வயிறு எரியும்.

காட்டுக் கூட்டத்தில் தலைவர் யானையிடம் காரி பேச்சை எடுத்தது.

"ஐயா, அந்த வழி சும்மாதான் கிடக்குது. வேலியைப் பிடுங்கிட்டு இதோட சேர்த்துட்டா, பாதை அகலமாயிடும். நெரிசலே இருக்காது!"

"சும்மா கிடக்கலைங்க," என்றது ஆமை. "நாங்க எங்கேயும் நிக்காம போயிடறோம். அதான் உங்க கண்ணுக்குக் காலியாத் தெரியுது."

யானைக்கும் முந்தின நாள் குளியல் தாமதம். அந்த எரிச்சலில் இருந்தது. "சரி, பிடுங்குங்க," என்றது.

காரி மற்றவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. தன் கொம்பாலேயே வேலி முழுவதையும் பெயர்த்துத் தள்ளியது.

மறுநாள் காலை பாதை மைதானம் போலக் கிடந்தது. 'இன்னைக்குச் சேறு எனக்குத்தான்' என்று காரி ஓடியது. முதல் வளைவிலேயே கூட்டம் நின்றுகொண்டிருந்தது. காரி கழுத்தை நீட்டிப் பார்த்தது.

பாதை நடுவே ஆமை நடந்துகொண்டிருந்தது. பின்னால் அதன் சொந்தபந்தம் எல்லாம் பாதையின் அகலம் முழுக்கப் பரவி வந்தன. பக்கத்தில் முள்ளம்பன்றி, பெரிய கால்களைக் கண்ட பயத்தில் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வந்தது. யானைகூட அதனிடமிருந்து நாலடி தள்ளியே நின்றது.

"கொஞ்சம் ஓரமாப் போயேன்," என்றது காரி.

"ஓரத்தைத்தான் நேத்து நீங்க எடுத்துட்டீங்களே, அண்ணே," என்றது ஆமை. அதன் குரலில் கோபம் இல்லை. நடையிலும் அவசரம் இல்லை.

காரி குளத்தை அடைந்தபோது உச்சி வெயில். சேற்றில் பன்றிகள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தன. முதுகில் ஈக்கள் வந்து உட்கார்ந்தன.

நாலு நாள் பொறுத்துப் பார்த்த காரி, வெட்கத்தை விட்டு யானையிடம் போனது.

"ஐயா, அந்த வேலியைத் திரும்பப் போட்டுடலாம்."

யானை தன் காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. "பிடுங்கினது நீதானே? நீயே நடு," என்றது.

காரி வாயில் முள் குத்தக் குத்த ஒவ்வொரு செடியாகக் கொண்டுவந்து நட்டது. ஆனால் அவை வேர் பிடித்து வேலியாக நிற்பதற்குள் கோடையே முடிந்துவிட்டது. அதுவரை காரி தினமும் ஆமைக்குப் பின்னால்தான் குளத்துக்குப் போனது.

ஒதுங்கி நடப்பவரின் வழியைப் பறித்தால், அவர் நம் வழியில்தான் வந்து நடப்பார்.