தண்ணீர் கேட்ட சோளம்

முன்னொரு காலத்தில், மரங்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், தழைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த மண்ணை எங்கே தோண்டினாலும் தலைமுடியைவிட மெல்லிய வெள்ளை நூல் ஓடும். பூஞ்சை நூல். ஒரு மரத்தின் வேரில் தொடங்கி அடுத்த மரத்தின் வேரில் போய் முடியும். நீரும் அதன் வழியே போகும், சேதியும் அதன் வழியே போகும்.

அந்த நாட்டுக்கு உவரன் என்றொரு மந்திரவாதி வந்தான். எதிர்த்துப் பேசாத தோட்டம் ஒன்று வேண்டும் என்பது அவன் ஆசை. அரசனை மயக்கி அரண்மனைத் தோட்டத்தை வாங்கினான். மந்திரம் சொல்லி, ஊர் மண்ணிலிருந்த நூலையெல்லாம் உருவி எரித்தான். மண் ஊமையாயிற்று. ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் எண்ணெய் போல மேலேயே நின்றது. ஏன் என்று கேட்டவர்களை உவரன் மரமாக்கித் தோட்டத்தில் நிறுத்தினான்.

கிணறு வெட்டும் கூத்தப்பனும் சபைக்குப் போய்க் கேட்டான். கேட்ட வாய் மூடுமுன் அவன் காலில் வேர்விட்டது; அவனும் தோட்டத்தில் ஒரு மரமாக நின்றான்.

அவன் மனைவி செவந்தி தினமும் அந்த மரத்துக்குத் தண்ணீர் சுமந்தாள். அடிமரத்தில் காது வைத்துக் கேட்பாள். ஒன்றும் கேட்காது. தோட்டத்து மரங்கள் எல்லாம் தனித்தனியே காய்ந்துகொண்டிருந்தன. காற்று வீசினாலும் இலை அசையாது. கடைசி இலை உதிர்ந்துவிட்டால் அந்த மரம் வெறும் விறகு. மனிதனாகத் திரும்ப வழியில்லை. கூத்தப்பனுக்கோ விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இலைகள் மிச்சம்.

ஆற்றுக்கு அப்பால் இருந்த காட்டை மட்டும் உவரன் தொடவில்லை. நிழல் காலடிக்குள் ஒடுங்கும் ஓர் உச்சிவேளையில் செவந்தி அங்கே போனாள். பெரிய இலுப்பை மரத்தடியில் மண் நெளிந்தது. தலை எது வால் எது என்று தெரியாத மண்ணுளிப் பாம்பு ஒன்று மேலே வந்தது.

"எதைத் தேடி வந்தே?" என்றது ஒரு முனை.

"யாருக்காக வந்தே?" என்றது மறுமுனை.

செவந்தி நடந்ததைச் சொன்னாள். பாம்பு வழி சொன்னது. இந்த மரத்தடி மண்ணை, அதிலுள்ள சல்லிவேரோடு ஒரு கைப்பிடி எடு. ஆற்றுமணலோடு கலந்து மண்சட்டியில் போடு. சோளம் விதை. வெள்ளை நூல் சோளவேரைப் பிடித்துக்கொண்டு பெருகும். பயிர் இடுப்பளவு வளர்ந்ததும் தண்ணீரை நிறுத்து. சாகும் பயிரின் வேருக்குள்தான் நூல் தன் உயிரை முடிந்துவைக்கும். அந்த வேரை நறுக்கி மரத்தின் வேரில் வை.

"தண்ணி கேட்கும்," என்றது ஒரு முனை.

"கொடுத்தா எல்லாம் போச்சு," என்றது மறுமுனை.

செவந்தி அப்படியே செய்தாள். சோளம் இடுப்பளவு வளர்ந்தது. தண்ணீரை நிறுத்தினாள். இலை ஓரம் சுருண்டபோது, பக்கத்து வீட்டுக்காரி குரலில் சோளம் தண்ணீர் கேட்டது. செவந்தி கொடுக்கவில்லை. சோளத்தாள் மஞ்சளானபோது, செத்துப்போன அவள் அம்மாவின் குரலில் கேட்டது. செவந்தி அழுதாள், கொடுக்கவில்லை. தாள் முழுதும் காய்ந்த அன்று கூத்தப்பனின் குரல் வந்தது.

"செவந்தி, தொண்டை வறளுது. ஒரு வாய் தண்ணி ஊத்து."

அவள் கை செம்பைத் தூக்கிவிட்டது. செம்பு சாயும் நேரத்தில்தான் நினைத்துப் பார்த்தாள். எத்தனை ஆழத்தில் நின்று பாறை உடைத்தாலும் கூத்தப்பன் தண்ணீர் கேட்டதே இல்லை. ஊற்று வரட்டும் என்று காத்திருப்பான். செம்புத் தண்ணீரைத் தானே குடித்தாள். சட்டிக்குள் யாரோ நீளமாக மூச்சுவிட்டார்கள். பிறகு சத்தமில்லை.

வேரைப் பிடுங்கிப் பொடியாக நறுக்கி, சட்டி மண்ணோடு மடியில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். உவரன் வாசலில் மறித்து, மடியில் என்ன என்று கேட்டான்.

"செத்த சோளவேர்," என்றாள் செவந்தி.

அவன் பிரித்துப் பார்த்தான். செத்த வேர்தான். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான்.

கூத்தப்பனின் கிளையில் ஒரே ஓர் இலை இருந்தது. கொண்டுவந்ததை முழுதும் அவன் வேரில் வைக்கலாம். ஆனால் சுற்றிலும் நிற்பவர்களும் யாரோ ஒருத்தியின் புருஷன், யாரோ ஒருவரின் மகள். செவந்தி ஒவ்வொரு மரத்தடியிலும் குழிபறித்து, வேரில் படும்படி ஒவ்வொரு சிட்டிகை வைத்து மூடினாள்.

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நண்பகலில், காற்றே இல்லாதபோது, தோட்டத்து இலைகள் எல்லாம் ஒன்றாக அசைந்தன.

உவரன் ஓடிவந்தான். "உவரா," என்றது அவன் காலடி மண். அடுத்த அடி வைத்தான். "உவரா," என்றது அந்த மண்ணும். மூன்றாம் அடியைத் தூக்க முடியவில்லை. பழஞ்சோற்றில் பூஞ்சணம் ஏறுவதுபோல வெள்ளை நூல் அவன் கணுக்காலில் ஏறியது, இடுப்பில் ஏறியது, வாயை மூடியது. நூல் அடங்கியபோது அங்கே ஒரு குவியல் கறுப்பு மண்தான் இருந்தது.

மரப்பட்டைகள் வெடித்தன. மனிதர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கூத்தப்பன் செவந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். மரத்துக்குள் இருட்டாக இருந்ததா என்று அவள் கேட்டாள்.

"இருட்டு இல்லை, செவந்தி. யாருமே இல்லை. அதுதான் தாங்க முடியலை. அப்புறம் பக்கத்து மரம் என் பேரைச் சொல்லிச்சு."

மயக்கம் தெளிந்த அரசன் அந்தத் தோட்டத்தைச் செவந்திக்கே கொடுத்தான். அவள் அங்கே சட்டி சட்டியாகச் சோளம் வளர்த்து, கேட்டவர்க்கெல்லாம் வேரும் மண்ணும் அள்ளிக் கொடுத்தாள். அவர்கள் மண் விளைந்தது. கதை கேட்ட உங்கள் மண்ணும் விளையட்டும்.